கோடு கிழித்த பின் குறை கேட்பதா?

புதிய புகையிரதப் பாதை என்ற பேச்சு எழுந்ததும் நம்மவர் உள்ளம் குளிர்கின்றது. மட்டக்களப்புக்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை இருப்புப்பாதை நீளவேண்டும் என்பதும், திருகோணமலையும் வவுனியாவும் நேர்வழியே இணைக்கப்படல் வேண்டும் என்பதும் இன்று நேற்று எழுந்த எண்ணங்கள் அல்ல. பாதை வேண்டும் என்று கேட்பதில் நாமும் எவர்க்கும் பின்னின்றவர் அல்லோம். ஆயின் அப்பாதை எவ்வழியே செல்லவேண்டும், அவ்வழியைத் தெரிபவர் யார், எந்த அளவுகோலைக் கையிற்கொண்டு தெரிகின்றனர் என்னும் வினாக்களை நம் பிரதிநிதிகள் மேடையிலே எழுப்பக் கேட்டோமில்லை. கேட்டால், அது பொறியியலாளரின் வேலை என்கின்றனர். இன்னும் அழுத்திக் கேட்டால், கணினி ஆயிரம் வழிகளை ஆராய்ந்து மிகச் சிறந்த வழியைக் காட்டிவிடும், நமக்கேன் அந்தக் கவலை என்கின்றனர்.

மிகச் சிறந்த வழி! யாருக்குச் சிறந்த வழி? இந்த ஒரு வினாவுக்கு விடை கிடைக்கும் வரை, பாதை வரும் என்ற மகிழ்ச்சியிலே மாலையும் கையுமாக நிற்பதற்கு நாம் ஆயத்தமாக இல்லை.

இத்தீவின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசெம்பரிலே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களிலிருந்து மூட்டைகளைக் கொழும்புத் துறைக்கு இறக்குவதே அதன் முதல் நோக்கம். றம்புக்கணைக்கு அப்பால் 45 அடிக்கு ஓர் அடி என்னும் கடும் ஏற்றம். பின்னாலே இன்னொரு எஞ்சின் நின்று தள்ளினாலன்றி வண்டி ஏறாது. பாறையைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் அந்த ஏற்றத்தை அமைக்க அன்றைய ஆட்சி பின்வாங்கவில்லை. கோப்பிக்காக மலை ஏறலாம் என்று கணக்குச் சொன்னது, ஏறினார்கள். அக்கணக்கின்படி அது மிகச் சிறந்த வழியே. இரண்டே ஆண்டுகளில், 1869இலே, கோப்பிச் செடியில் இலைநோய் காணப்பட்டது. சில பத்தாண்டுகளில் கோப்பி மாண்டது. பாதை மாளவில்லை. அதனைத் தேயிலை சுவீகரித்துக்கொண்டது. இன்றும் நாம் அதே ஏற்றத்தில் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறுகின்றோம். எந்த நோக்கத்துக்காக வழி வகுக்கப்பட்டதோ அந்த நோக்கம் மறைந்தாலும் வகுத்த வழி தலைமுறை தலைமுறையாக நம்மைக் கட்டிவைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வடக்கின் கதையை யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902இல் ஓடத் தொடங்கிய வண்டி, 1905இல் கொழும்பு வரை சென்றது. தலைமன்னார்ப் பாதை 1914இலும், திருகோணமலைப் பாதை 1927இலும், மட்டக்களப்புப் பாதை 1928இலும் திறக்கப்பட்டன. இனி இத்தீவின் வரைபடத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். ஒரு கையின் விரல்கள் எல்லாம் உள்ளங்கையிலே கூடுவது போலப் பாதைகள் எல்லாம் கொழும்பை நோக்கியே கூடுகின்றன. ஒரு விரல்நுனியிலிருந்து அடுத்த விரல்நுனிக்குச் செல்ல விரும்புபவன் உள்ளங்கைக்கு இறங்கித்தான் ஏறவேண்டும். திருகோணமலையிலிருந்து வவுனியாவுக்கு வீதி வழியே 100 கிலோமீற்றர் அளவே. அதே பயணத்தைப் புகையிரதத்திலே செய்ய விரும்புபவர் கல்லோயாச் சந்திக்கு வந்து, மாகோ வரை தெற்கே இறங்கி, அங்கிருந்து வடக்கு வண்டியைப் பிடித்து அநுராதபுரம் வழியே ஏறவேண்டும்; 250 கிலோமீற்றருக்கு மேல் ஆகின்றது. ஆகவே எவரும் செல்வதில்லை. எவரும் செல்லாமையால் போக்குவரத்துக் கணக்கிலே அந்தப் பயணம் பூச்சியமாக நிற்கின்றது. பூச்சியமாக நிற்பதால் புதிய பாதைக்குத் தேவை இல்லை என்று சொல்லப்படுகின்றது. இது எத்தகைய தருக்கம் என்பதை வாசகர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

பாதை வகுக்கும் கலையை அறியாதவர் போல் நாம் பேசுவதாக எவரும் எண்ணாதிருக்கச் சில உண்மைகளைக் கூறிவைப்போம். தூரம், ஏற்றம், வளைவு என்ற மூன்றும் ஒன்றோடொன்று மல்லாடுபவை. சமதளத்திலே ஒரு தொன் எடையுள்ள வண்டியை இழுத்துச்செல்ல 3 முதல் 5 கிலோ எடைக்கு ஒப்பான இழுவை போதும். 100 அடிக்கு ஓர் அடி ஏறும் இடத்திலே அதே தொன்னுக்கு மேலும் 10 கிலோ இழுவை வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்திலோ மேலும் 22 கிலோ. மாட்டுவண்டி கட்டிச் சந்தைக்குப் போன எந்தக் கமக்காரனுக்கும் இது புதிய செய்தியன்று. ஏற்றத்தைத் தவிர்க்கச் சுற்றிச் சென்றால் தூரம் நீளும். குன்றை ஒட்டி வளைந்தால் வேகம் குறையும், தண்டவாளம் தேயும். குடைந்து நேரே சென்றால் பணம் கரையும். அமெரிக்கப் பொறியியலாளரான ஆர்தர் மெலன் வெலிங்டன் என்பார் 1877இலே எழுதி 1887இலே பெருக்கி வெளியிட்ட நூலில் இந்த மல்லாட்டத்தை எல்லாம் பணக்கணக்காக மாற்றிக் காட்டினார். வழி தெரிவது கட்டுமான வேலையின் ஒரு துண்டு அன்று, அது முதன்மையான பொருளாதார வினா என்பது அவர் கொள்கை. மக்கள் திரண்டு வாழும் ஊரை விட்டு நிலையத்தைத் தள்ளிவைத்தால் பாதையின் வருமானமே குன்றும் என்றும் அவர் எச்சரித்தார். நூற்றாண்டு கடந்தும் பாதை வகுப்போர் அந்த அடிப்படையை விட்டு விலகவில்லை.

இன்று கணினி வந்துவிட்டது. நிலத்தின் உயரம், காணியின் பெறுமதி, மண் வெட்டும் செலவு, பாலத்தின் செலவு ஆகியவற்றை ஊட்டினால் ஆயிரக்கணக்கான வழிகளை ஒப்பிட்டு, இதுவே செலவிற் குறைந்தது என்று ஒரு கோட்டைக் காட்டும். நாம் கணினியை இகழவில்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுவதும் செய்து முடிக்க இயலாத ஒப்பீட்டை அது ஒரு பகலிலே செய்கின்றது. ஆயினும் தராசு எவ்வளவு நுட்பமானதாயினும் படிக்கல்லை இடுவது மனிதன் கை. பயணியின் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ரூபா? ஓர் ஏக்கர் வயலுக்கு எத்தனை ரூபா? ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் பெயர்வதற்கு எத்தனை ரூபா? வெள்ளம் வடியாமல் நிற்பதற்கு எத்தனை ரூபா? கடைசி இரண்டுக்கும் ஒன்றும் இடாமல் விட்டால் கணினி முறையிடாது. இடாததைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு, மிகவும் நேர்த்தியான கோடு ஒன்றை வரைந்து கொடுக்கும். அந்தக் கோட்டைக் காட்டி, இது விஞ்ஞானத்தின் முடிவு, இதனை எதிர்ப்பவர் முன்னேற்றத்தின் பகைவர் என்று நமக்கு உபதேசமும் நடக்கும்.

மட்டக்களப்புக்குத் தெற்கே செல்லக்கூடிய பாதையையே எடுத்து நோக்குவோம். வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கத்திலே எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு படும் பக்கத்திலே படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடல். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதற்குத் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. இத்தீவிலே மக்கள் மிக நெருங்கி வாழும் இடங்களுள் காத்தான்குடியும் ஒன்று. அங்கே பாதை போடுவதென்றால் வீடு இடியும், கடை இடியும், கோவில் வீதியும் பள்ளிவாசல் முன்றிலும் அளக்கப்படும். படுவான்கரையோ வயல்வெளி, ஆள் அடர்த்தி குறைவு, காணியின் அரசாங்க மதிப்பும் குறைவு. செலவிற் குறைந்த வழி எது என்று தராசைக் கேட்டால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதை அறியக் கணினி வேண்டுவதில்லை.

அவ்வாறு வயல்வெளி வழியே பாதை சென்றால் நேர்வது என்ன? மழைநீர் மேற்கிலிருந்து வாவிக்கும் கடலுக்கும் வடிகின்றது. பாதையோ வடக்குத் தெற்காகச் செல்லும். அதாவது நீரின் வழிக்குக் குறுக்கே பல மைல் நீளத்துக்கு ஒரு மண்ணணை எழும். அணையிலே மதகுகள் வைப்போம் என்பர். எத்தனை மதகு? எவ்வளவு அகலம்? எந்த ஆண்டு வெள்ளத்தை அளவாகக் கொண்டு? மதகு ஒன்றைக் குறைத்தால் ஒப்பந்தக்காரனுக்கு மிச்சம். வடகீழ்ப் பருவமழை அடித்து ஊற்றும் கார்த்திகை மார்கழியிலே, பெரும்போக வெள்ளாமை இளம்பயிராக நிற்கும் வேளையிலே, மேற்குப் பக்கத்து வயற்கண்டங்களில் நீர் தேங்கிப் பயிர் அழுகுவது கமக்காரனுக்கு. முதலது ஒருமுறை வரும் மிச்சம். இரண்டாவது ஆண்டுதோறும் வரும் நட்டம். தராசிலே ஏறுவது முதலது மட்டுமே.

இன்னுமொன்று. நிலத்தின் உயரத்தைக் கணினிக்குச் சொல்லும் தரவுகளுள் உலகெங்கும் மிகுதியாக எடுத்தாளப்படுவன, 2000ஆம் ஆண்டு விண்ணோடம் ஒன்றிலிருந்து அளந்து இலவசமாக வழங்கப்படும் கணக்குகள். மலைநாட்டிலே முதற்கட்ட ஆராய்ச்சிக்கு அவை போதும். ஆனால் அவற்றிலே பல மீற்றர் வரை பிழை நேரும். மட்டக்களப்பு, அம்பாறை வெளிகளிலே ஒரு முழ உயர வேறுபாடு தான் நீர் நிற்கும் வயலையும் வடியும் வயலையும் பிரிக்கின்றது. அந்த ஒரு முழத்தை விண்ணிலிருந்து பார்த்த கண் அறியாது. வரம்பிலே நின்று பார்த்த கண் அறியும். எந்தக் கண்டத்திலே வெள்ளம் எத்தனை நாள் நிற்கும், எந்த வாய்க்கால் எந்த மழைக்கு உடைக்கும் என்பதைப் போடியாரைக் கேட்டால் போடியார் சொல்வார். அவரிலும் செம்மையாக அவர் வயலைச் செய்யும் முல்லைக்காரன் சொல்வான். பாதை வகுப்பவர் அவனைக் கேட்பதற்கு எந்த விதியும் இல்லை.

இது கற்பனைப் பயம் அன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியிலே, வெள்ளம் வீதியை மூடிப் பாய்ந்த வேளையில், மத்ரசா மாணவரை ஏற்றிச் சென்ற உழவியந்திரம் அடித்துச் செல்லப்பட்டுச் சிறுவர்கள் மாண்டனர். வெள்ளம் குறுக்கறுக்கும் வெளியிலே ஒரு பாதை என்ன ஆகும் என்பதற்கு அந்த மாணவரின் உயிர் சான்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலிலே நாட்டின் இருப்புப்பாதைகள் பல இடங்களில் அறுந்து தொங்கியதையும் கண்டோம்.

அப்படியானால் கடற்கரையை ஒட்டிப் போடலாமே என்பார்க்கு 2004 டிசெம்பர் 26ஐ நினைவூட்டுகின்றோம். பெறலியவிலே கடலோரம் நின்ற வண்டியை அலை கவிழ்த்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அதே அலை நம் கிழக்குக் கரையைச் செய்ததை நாம் எழுதத் தேவையில்லை.

பொறியியலாளர் அல்லாத நாம், கோடு இங்கே செல்லட்டும் என்று விரல் நீட்ட வரவில்லை. ஆயினும் நம் கருத்தை ஒளிக்கவும் இல்லை. எழுவான்கரையின் மக்களைக் கைவிட்டு, வாவிக்கு அப்பால் ஆளில்லா வெளியிலே நிலையங்களை நட்டு, மலிவாகப் பாதை கட்டிவிட்டோம் என்று மார்தட்டுவது வீண் செலவிலும் வீண் செலவாகும். ஊர்களின் மேற்கு விளிம்பை ஒட்டி, வீடுகளைக் கூடியவரை விலக்கி, வெள்ளம் குறுக்கறுக்கும் இடங்களிலே மண்ணணைக்குப் பதிலாகத் தூண்கள் மீது பாலமாகவே செல்லும் வழியொன்று உண்டா என்பது முதலில் ஆராயப்படல் வேண்டும். அதற்குச் செலவு கூடும். கூடட்டும், அந்தச் செலவைக் கட்டுமானக் கணக்கிலே எழுதாவிட்டால் கமக்காரனின் கணக்கிலே எழுதப்படும், அவ்வளவே.

நம்மவரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நிலையம் எங்கள் ஊருக்கு, வயல் இழப்பு அயலூருக்கு என்பதே ஒவ்வோர் ஊரின் மனக்கணக்கும். தம் தொகுதிக்கு ஒரு வளைவு, தம் உறவினர் காணிக்கு ஒரு விலக்கு என்று கேட்கத் துணியும் பிரமுகர் நம்மிடையே இல்லை என்று மார்தட்டிச் சொல்ல முடியுமா? கிழக்கிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி நிற்கின்றன. பாதையின் ஒவ்வொரு வளைவும் இன்னாருக்காக வளைந்தது என்ற பேச்சு எழுந்தால், பாதை வருமுன் பகை வந்துவிடும். பகையின் நடுவே எவருக்கும் வேண்டாத ஒரு கோட்டை மூன்றாமவர் கிழித்துவிட்டுப் போவர். தமிழ் பேசும் மக்கள் ஒரே மேசையிலே அமர்ந்து, இழப்பையும் பயனையும் பகிரங்கமாகக் கணக்கிட்டுப் பேசினாலன்றி இதற்குப் பரிகாரம் இல்லை.

திருகோணமலை – வவுனியா இணைப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். கொழும்புக்கு எவ்வளவு விரைவிற் சேரலாம் என்பதே படிக்கல்லாயின், இப்பாதையின் பெறுமதி ஒன்றுமில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றிலிருந்து வடக்கின் சந்தைகளுக்கும், வன்னி நெல் துறைமுகத்துக்கும் செல்வதே படிக்கல்லாயின், தராசு மறுபக்கம் தாழும். வழியும் ஒன்றன்று. ஹொறவப்பொத்தானை வழியே நேராக வரலாம். புல்மோட்டை, முல்லைத்தீவு வழியே சுற்றி மாங்குளத்திலே வடக்குப் பாதையைத் தொடலாம். முந்தியது குறுகியது. பிந்தியது நீளமானது, ஆயின் புகையிரதத்தையே காணாத முல்லைத்தீவுக் கரையோரத்துக்கும், புல்மோட்டைக் கனிய மணலுக்கும் வழி திறக்கும். எந்த வழியாயினும் காடு குறுக்கிடும். 2025 பெப்ரவரியிலே ஹபரணைப் பகுதியில் ஒரே வண்டியில் மோதி ஆறு யானைகள் மடிந்தன. யானை கடக்கும் இடத்தை அறியாமல் போட்ட பாதையிலே வேகத்தைக் குறை என்று சாரதியைக் கடிந்துகொண்டிருப்பது பரிகாரமன்று. கோடு கிழிக்கும் போதே பார்த்திருக்கவேண்டும்.

காணி என்னும் முள் ஒன்றும் இங்கே உண்டு. கல்லோயா, கந்தளாய், அல்லை, பதவியா என்ற பெயர்களைக் கேட்ட தமிழன், அரசாங்கம் காட்டை வெட்டிப் பாதை போடுகின்றது என்றால் பாதையின் இருமருங்கையும் நோக்காமல் இரான். 1957இலே பண்டாரநாயக்கா – செல்வநாயகம் உடன்படிக்கையில் குடியேற்ற அதிகாரம் தனியே பேசப்பட்டது காரணமின்றியா? அவ்வுடன்படிக்கை அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்டதும் நமக்கு மறக்கவில்லை. ஆகவே தண்டவாளத்துக்கும் நிலையத்துக்கும் வேண்டிய அகலத்துக்கு மேல் ஓர் அடியேனும் எடுக்கப்படுமாயின், அது எதற்காக என்பதையும் முன்கூட்டியே எழுத்திலே வெளியிடவேண்டும் என்று கேட்பது சந்தேகப் புத்தியன்று. அனுபவம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். முள் குத்தும் இடம் இதுவே. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி கொள்ளற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் ஓர் அறிவித்தல் ஒட்டப்படும். அளவைக்காரர் உங்கள் காணிக்குள் நுழையலாம் என்பது அதன் பொருள். வலிகாமம் வடக்கிலே 2013 ஏப்பிரலில் 6,381 ஏக்கருக்கு ஒட்டப்பட்ட அறிவித்தலைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அது பாதைக்காக அன்று, படைக்காக. சட்டம் ஒன்றே. அடுத்து 4ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபம் தெரிவிக்க 14 நாளுக்குக் குறையாத அவகாசம். பின் 5ஆம் பிரிவின்கீழ் வெளியாகும் பிரகடனம், அக்காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்பதற்கு முடிவான சான்றாகும் என்கின்றது சட்டம். அவசரம் என்று மந்திரி கருதினால், 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தின்கீழ், 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்பட்ட பின் எப்போதும் உடனடியாக உடைமையைக் கைப்பற்றக் கட்டளையிடலாம். ஆட்சேபம் எழுதப் பேனாவை எடுக்குமுன் மண்வெட்டி வந்து நிற்கலாம் என்பதே இதன் பொருள்.

அந்த 14 நாளிலும் நீங்கள் எதனை ஆட்சேபிக்கலாம்? இந்தக் காணி வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னரே கோடு கிழிக்கப்பட்டு, மண் சோதிக்கப்பட்டு, கடன் பேசப்பட்டு, ஒப்பந்தம் எழுதப்பட்டு விட்டது. உங்கள் காணியை விலக்கினால் இருபுறமும் வளைவு மாறும்; வளைவு மாறினால் அயலவன் காணி போகும்; செலவு ஏறும். ஆதலால் உங்கள் ஆட்சேபம் கோவையிலே போடப்படும். கேட்டார்கள் என்று பதிவு இருக்கும். கேட்டதால் ஒரு முழமேனும் பாதை நகர்ந்தது என்ற பதிவு இராது.

தெற்கு அதிவேகப் பாதையின் வழக்கை நம் சட்டத்தரணிகள் அறிவர். ஏனையோரும் அறிதல் நன்று. சுற்றாடல் அறிக்கையிலே ஒரு வழி காட்டப்பட்டது. பிற்பாடு வழி வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது. நகர்த்திய வழியிலே வீடும் காணியும் இழக்க நேர்ந்தவர்கள் ஒருபோதும் கேட்கப்படவில்லை. மண்டி எதிர் மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்ற அந்த வழக்கிலே, 2004 ஜனவரியில், நீதியரசர் மார்க் பெர்னாண்டோ உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதினார். அவர்களைக் கேளாது விட்டது இயற்கை நீதிக்கு முரண், சட்டத்தின் சமபாதுகாப்பும் மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. மேலதிக நட்டஈடு கொடுக்கவும் கட்டளையிட்டது. ஆனால் வழி மாறியதா? இல்லை. வேலை நெடுந்தூரம் சென்றுவிட்டது. பெருந்தொகையான மக்களின் நன்மை தராசிலே நின்றது. உரிமை மீறப்பட்டது என்று நாட்டின் அதியுயர் மன்று சொல்லிய பின்னும் பாதை அதே காணியின் மேலாகச் சென்றது. தீர்ப்பைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. கோடு கிழித்த பின் நீதிமன்றம் போனால், வென்றாலும் கிடைப்பது காசோலை, காணி அன்று.

ஆயுதம் நம்மிடம் அறவே இல்லை என்று சோர்ந்திருக்கவும் வேண்டாம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலே மாற்று வழிகளையும், அவை ஏன் தள்ளப்பட்டன என்ற காரணங்களையும் எழுதவேண்டும் என்று விதித்தது. அறிக்கையைப் பார்த்துப் பொதுமக்கள் கருத்துக் கூற 30 நாள். கட்டாய மீள்குடியேற்றத்தை மாற்று வழிகள் மூலம் கூடியவரை தவிர்க்கவேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் அரசாங்கக் கொள்கையும் கூறிற்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பெருந்திட்டம் தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன் அதன் தகவல்களைப் பாதிக்கப்படுவோருக்கு அறிவிக்கும் கடமையை மந்திரியின் மேற் சுமத்துகின்றது. நல்ல சட்டங்கள்! ஆனால் மூன்றிலும் ஓர் ஓட்டை. மாற்று வழிகளை எழுது என்கின்றதேயன்றி, எந்தப் படிக்கல்லால் நிறுத்தாய் என்பதை எழுது என்று சொல்லவில்லை. ஒரு வழியை நன்றாகவும் இரண்டு வழிகளை வேண்டுமென்றே மோசமாகவும் வரைந்து, மூன்றை ஒப்பிட்டோம், முதலாவது வென்றது என்று எழுத எவ்வளவு நேரம் செல்லும்? மணமகனை முன்பே நிச்சயித்துவிட்டு, ஊருக்காக இரண்டு சாதகம் பார்ப்பது போன்றது இது.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றே. புதிய இருப்புப்பாதை எதற்காயினும், 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டுவதற்கு முன்னரே, ஆராய்ந்த வழிகள் அனைத்தையும், ஒவ்வொன்றையும் நிறுத்த இட்ட படிக்கற்களையும், அதாவது வயலுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, வெள்ளத்துக்கு எவ்வளவு, நேரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடவேண்டும். வெளியிட்டு, பாதை கடக்கும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பகிரங்க விசாரணை நடத்தவேண்டும். விசாரணையிலே சொல்லப்பட்டதற்கு எழுத்திலே பதில் தரவேண்டும். படிக்கல்லை மாற்றினால் கோடு எங்கே நகர்கின்றது என்பதையும் காட்டவேண்டும். அதைக் கணினி ஒரு நாழிகையிலே செய்துவிடும் என்பது அவர்களே பெருமையாகச் சொல்வது.

இது காலத்தை வீணாக்கும், கடன் கொடுப்போர் காத்திரார் என்ற மறுப்பு வரும். மாத்தறையிலிருந்து பெலியத்தை வரை 26.75 கிலோமீற்றர்ப் பாதை 2019 ஏப்பிரலிலே திறக்கப்பட்டது. அதற்கு 278 மில்லியன் டொலர் சீனக் கடன். கிலோமீற்றருக்குப் பத்து மில்லியன் டொலருக்கு மேல். தென்பகுதி மக்களுக்குப் பாதை கிடைத்ததையிட்டு நாம் பொறாமைப்படவில்லை, இன்னும் நீளட்டும். ஆனால் கிலோமீற்றருக்கு இத்தனை பணம் கொட்டும் வேலையிலே, ஆறு மாதம் மக்களைக் கேட்பதற்குக் காலமில்லை என்பவர் காலத்தைப் பற்றிக் கவலைப்படுபவர் அல்லர். கேள்வியைப் பற்றிக் கவலைப்படுபவர். மாகாண சபை இருக்கின்றதே, அதனிடம் கேளுங்கள் என்றும் சிலர் சொல்லக்கூடும். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரிலும் வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரிலும் காலாவதியாயின. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றி ஆளுநர் ஆட்சியிலேயே கழிந்தன. அவ்வாண்டுகளிலே யாரிடம் கேட்டிருப்பது?

சர்க்கார் கணக்கை வெளியிடும் வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதும் இல்லை. நம் கணக்கை நாம் எழுதத் தொடங்குவோம். கல்முனை முதல் பொத்துவில் வரையும், படுவான்கரை எங்கும், ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஒரு கொப்பி வாங்கிவைக்கட்டும். எந்தக் கண்டத்திலே எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை நாள் நின்றது, எந்த வாய்க்கால் வழியே வடிந்தது என்று எழுதட்டும். வீட்டுச் சுவரிலும் மரத்திலும் உள்ள வெள்ளக் கறையை அளந்து குறிக்கட்டும். வன்னியிலும் திருகோணமலையிலும் குளத்தின் நீரேந்து பரப்பையும், மாடு மேயும் தரவையையும், யானை கடக்கும் இடத்தையும் குறிக்கட்டும். காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் இல்லாதவர் பெயர்களையும், அவர்கள் எத்தனை ஆண்டு அக்காணியைச் செய்கின்றனர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; நட்டஈடு பேசும்போது முதலில் கைவிடப்படுபவர் அவர்களே. நிலஅளவை தெரிந்தவர்களும் ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் அக்குறிப்புகளை வரைபடத்திலே ஏற்றித் தரவேண்டும். சட்டத்தரணிகளாகிய எம்மவர், தகவல் கேட்கும் விண்ணப்பங்களையும் ஆட்சேபங்களையும் கூலியின்றி எழுதித்தரக் கடமைப்பட்டவர்கள். கொப்பியின் ஒரு பிரதி பிரதேச செயலகத்திலே கொடுக்கப்பட்டு, பெற்றுக்கொண்டோம் என்ற கையொப்பமும் திகதியும் வாங்கப்படல் வேண்டும். அந்தத் திகதி கோடு கிழித்த திகதிக்கு முந்தியதாக இருக்கட்டும்.